லேத் வாங்குபவர் கேட்க வேண்டிய படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகப் பட்டறை தொடங்க இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்விக்குத் தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் சென்ற வாரம் பதில் வந்திருந்தது. எந்த லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கினால் அதிர்வு குறைவாக இருக்கும் என்பது கேள்வி. பதில் இரண்டே வரி: எடை கூடிய இயந்திரமாகப் பார்த்து வாங்குங்கள், வார்ப்பிரும்பின் தர எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரி, அதிர்வைப் பொறுத்தவரை, ஏறக்குறைய தலைகீழ். இதை நம்பி ஒருவர் வங்கிக் கடனில் இயந்திரம் எடுக்கப் போகிறாரே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு பவுண்டரியின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வார்ப்பிலிருந்து அறுத்த சிறு துண்டை எமரித் தாளில் படிப்படியாகத் தேய்த்து, வெல்வெட் துணியில் மெருகேற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பது என் வேலை. உலையடியில் நிற்பவர்களுக்கு இது சொகுசு வேலையாகத் தெரியும். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவி என்னை அடையாளம் காண மறுக்கும்போது அந்தச் சொகுசு நினைவுக்கு வரும். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாவிட்டால் கந்தகத்தைப் பற்றிய பகுதியை வெட்டிவிடுங்கள். சோதனைக் கம்பியைப் பற்றிய பகுதியை மட்டும் தொடாதீர்கள்.

எடையிலிருந்து தொடங்குகிறேன். அதிர்வை அடக்குவது எடைதான் என்றால் எஃகு அல்லவா முதலிடம் பெற வேண்டும்? ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை 7.85 கிராம், சாம்பல் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 7.2 கிராம். ஒரே அளவில், ஒரே வடிவில் இரண்டிலும் ஒரு பெட், அதாவது லேத்தின் மற்றப் பாகங்களைத் தாங்கும் அடித்தளம், செய்தால் எஃகுதான் கனம். ஆனால் இரண்டையும் சங்கிலியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். எஃகு வெகுநேரம் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். சாம்பல் வார்ப்பிரும்பு ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். வெண்கலக் கடைக்குள் புகுந்த யானை இந்தக் கடைக்குள் புகுந்திருந்தால் பழமொழியே பிறந்திருக்காது.

எடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனத்த அடித்தளத்தை அசைப்பது கடினம். அதனால் அதிர்வின் வீச்சு குறையும். ஆனால் எழுந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது வேறு கணக்கு. லேத்தில் தொல்லை தருவது அடங்காத அதிர்வுதான். உளி ஒரு சுற்றில் விட்டுச்சென்ற அலைக்கோட்டின் மேலேயே அடுத்த சுற்றில் வெட்டுகிறது. மேடு வரும்போது வெட்டின் கனம் கூடுகிறது, பள்ளம் வரும்போது குறைகிறது; அந்த ஏற்ற இறக்கம் உளியை மறுபடியும் ஆட்டுகிறது. பட்டறைகளில் சாட்டர் என்று சொல்லும் நடுக்கம் இப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். அதை முளையிலேயே கிள்ள, ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் ஆற்றலை யாராவது விழுங்க வேண்டும். எடை எதையும் விழுங்குவதில்லை.

விழுங்குவது இரும்புக்குள் இருக்கும் கரி. சாம்பல் வார்ப்பிரும்பில் எடைக் கணக்கில் மூன்று முதல் மூன்றரை சதவீதம் கார்பன் இருக்கும். சிலிக்கன் இரண்டு சதவீதம் அளவில். இந்தக் கார்பனில் பெரும்பகுதி இரும்போடு சேராமல், கிராஃபைட்டாகத் தனியே பிரிந்து நிற்கிறது. பென்சிலின் நடுவில் இருக்கும் அதே பொருள். கிராஃபைட் மிக இலேசானது. எனவே எடையில் சிறு பங்காக இருந்தாலும் கன அளவில் எட்டு, ஒன்பது சதவீதம் வரை இடம் பிடித்துக்கொள்கிறது. ஒரு டன் பெட்டுக்குள் சுமார் பன்னிரண்டு லிட்டர் கிராஃபைட் ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அது எந்த வடிவில் ஒளிந்திருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மெருகேற்றிய துண்டை அமிலத்தில் நனைக்காமல் நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வெளிர்ந்த பரப்பில் கருப்பு வளைகோடுகள் சிதறிக் கிடப்பது தெரியும். கோடாகத் தெரிவது நாம் குறுக்கே அறுத்துப் பார்ப்பதால். உண்மையில் அவை வளைந்த மெல்லிய செதில்கள். முட்டைக்கோஸின் இலைகளைப் போல ஒரு மையத்திலிருந்து கிளைத்து, ஒன்றோடொன்று தொடர்பு விடாமல் இரும்புக்குள் பரவியிருக்கின்றன. வார்ப்பிரும்பை உடைத்தால் முகம் சாம்பல் நிறத்தில் இருப்பதும் இதனால்தான்: விரிசல் இந்தச் செதில்களைத் தேடித் தேடிப் போகிறது.

இந்தச் செதில்கள் அதிர்வை எப்படி விழுங்குகின்றன? சாம்பல் வார்ப்பிரும்புக் கம்பியை இழுவிசை இயந்திரத்தில் மாட்டி இழுத்தால், எஃகுக்குக் கிடைப்பது போன்ற நேர்கோடு வரைபடத்தில் வராது. தொடக்கத்திலேயே கோடு வளையத் தொடங்கும். சுமையை இறக்கினால் போன வழியே திரும்பாது. போன கோட்டுக்கும் திரும்பிய கோட்டுக்கும் நடுவே மெல்லிய வளையம் ஒன்று விழும். அந்த வளையத்தின் பரப்பளவுதான் ஒவ்வொரு ஆட்டத்திலும் உலோகம் விழுங்கிய ஆற்றல். அது வெப்பமாகிக் கரைந்துபோகிறது.

வளையம் விழுவதற்குப் பல காரணங்கள் சேர்கின்றன. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோணக் கட்டங்களாகத் தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தாளுக்குள் பிணைப்பு வலுவானது, தாளுக்கும் தாளுக்கும் நடுவே மிகத் தளர்வானது. எனவே அடுக்குகள் நழுவி உரசுகின்றன. செதிலும் இரும்பும் சந்திக்கும் எல்லையிலும் நுண்ணிய உரசல் நடக்கிறது. இவற்றோடு, செதிலின் விளிம்பு கூரானது. மேலே விழும் சிறு சுமைகூட அந்த விளிம்பில் பல மடங்காகக் குவிந்து, அங்குள்ள துளி இரும்பை நிலையாக நெகிழ வைத்துவிடுகிறது. வீச்சு கூடினால் விழுங்கும் பங்கும் கூடும். வார்ப்பிரும்பு இழுவிசைக்கு எளிதில் உடைவதும் இதே கூர்விளிம்புகளால்தான். பலவீனத்தையும் அதிர்வை அடக்கும் குணத்தையும் ஒரே செதில் தருவதால், ஒன்றை முழுதாக நீக்கிவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. தங்கள் பதிலின் இரண்டாவது வரி தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எண்களாகவே சொல்கிறேன். தட்டியபின் அடுத்தடுத்த ஆட்டங்களின் வீச்சு எந்த விகிதத்தில் தேய்கிறது என்பதை அளந்து, வார்ப்படக் கைநூல்கள் ஓர் ஒப்பீடு தருகின்றன. எஃகுக்கு 4 என்று வைத்தால், வெள்ளை வார்ப்பிரும்புக்கு 2 முதல் 4. உருண்டைக் கிராஃபைட் உள்ள எஸ்.ஜி. இரும்புக்கு 5 முதல் 20. மெல்லிய செதில் உள்ள சாம்பல் வார்ப்பிரும்புக்கு 20 முதல் 100. பருத்த செதில் உள்ளதற்கு 100 முதல் 500. அலுமினியம் அரைப் புள்ளிகூடத் தேறாது. அளக்கும்போது கொடுத்த சுமையைப் பொறுத்து இவை நூலுக்கு நூல் மாறும். எனவே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், வரிசையைப் பாருங்கள். வெள்ளை வார்ப்பிரும்பிலும் சாம்பல் வார்ப்பிரும்பிலும் கார்பன் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. வெள்ளையில் அது இரும்போடு சேர்ந்து கார்பைடாக இறுகிவிட்டது. அதனால் எஃகைப் போலவே ரீங்கரிக்கிறது.

இப்போது தர எண். ஐ.எஸ். 210 என்ற இந்தியத் தரநிலையில் சாம்பல் வார்ப்பிரும்பின் தரங்கள் எஃப்.ஜி. 150, 200, 220, 260, 300, 350, 400 என்று போகும். அந்த எண் சொல்வது இழுவிசை வலிமையை மட்டுமே: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் வரை தாங்கும் என்பதை. எண்ணைக் கூட்ட வேண்டுமானால் பவுண்டரிக்காரர் என்ன செய்வார்? கார்பனையும் சிலிக்கனையும் குறைப்பார். செதில்கள் எண்ணிக்கையில் குறையும், சிறுக்கும். செம்பு, குரோமியம், வெள்ளீயம் என்று ஏதாவது சேர்த்து இரும்புப் பகுதியைப் பெர்லைட் என்னும் கடினமான நுண்ணமைப்பாக்கிக் கெட்டிப்படுத்துவார். வலிமை ஏறும். விழுங்கும் குணம் இறங்கும். எஃப்.ஜி. 400 கேட்டு வாங்குபவர், அதிர்வை அடக்கும் பொருளைக் கொஞ்சம் குறைவாகப் போடச் சொல்லிக் கூடுதல் விலை கொடுக்கிறார்.

கார்களின் பிரேக் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரைக் காக்கும் பாகம். அதற்கு மிக வலுவான வார்ப்பிரும்பைத்தானே போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பல டிஸ்க்குகள் வார்க்கப்படுவது 150 வரிசையைச் சேர்ந்த, கார்பனை வேண்டுமென்றே 3.7 சதவீதத்துக்கு மேல் ஏற்றிய இரும்பில். செதில்கள் பருமனாகவும் நிறையவும் இருப்பதால் வெப்பம் விரைவாகப் பரவுகிறது. பட்டை உரசும்போது எழும் கீச்சொலியும் வளராமல் அடங்குகிறது. வலிமைக் குறைவை டிஸ்க்கின் கனத்தில் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். எண் சிறியது என்று பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடும் கொள்முதல் அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் காரில் ஓடிக்கொண்டிருப்பது அதே சிறிய எண்தான்.

எஸ்.ஜி. இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘லேட்டஸ்ட்’ என்ற பெயரில் அதுவும் விற்கப்படுகிறது. 1943-இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனி ஆய்வகத்தில் கீத் மில்லிஸ் உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்த்துப் பார்த்தபோது, செதிலாக வளர வேண்டிய கிராஃபைட் உருண்டையாகத் திரண்டது. பிரிட்டனில் ஹென்டன் மோரோ சீரியத்தைக் கொண்டு அதே இடத்துக்கு வந்தார். உருண்டைக்குக் கூர்விளிம்பு கிடையாது. இரும்பு இடைவெட்டு இல்லாமல் தொடர்கிறது. வலிமை எஃகை நெருங்குகிறது, வளைந்தும் கொடுக்கிறது. கிராங்க்ஷாஃப்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அதைவிட நல்ல வார்ப்பு கிடையாது. ஆனால் விளிம்போடு சேர்ந்து விழுங்கும் குணமும் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே புழு வடிவக் கிராஃபைட் உள்ள இரும்பு ஒன்று உண்டு. அதிர்வை அடக்குவதிலும் நடுவில்தான் நிற்கிறது. டீசல் எஞ்சின் பிளாக்குகளில் போடுகிறார்கள்.

எங்களிடம் சிறிய லேத்துக்கான பெட் வாங்கிவந்த ஒரு தயாரிப்பாளர் இருந்தார், பெயர் வேண்டாம். லாரியில் போகும்போது ஒரு பெட்டின் கால் உடைந்துவிட்டது. உடனே அவருடைய கொள்முதல் பிரிவு, இனிமேல் எஸ்.ஜி. 500/7-இல் வார்த்துத் தர வேண்டும் என்று ஆர்டரைத் திருத்தி அனுப்பியது. வரைபடம் மாறவில்லை. எங்கள் மேலாளருக்குக் கிலோ விலை கூடியதில் மகிழ்ச்சி. முதல் பெட்டை அச்சு உடைத்து, மணல் தட்டி வெளியே எடுத்தபோது மோல்டிங் மேஸ்திரி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “அம்மிணி, இது கோயில் மணிக்கு ஆகும். லேத்துக்கு ஆகுமா?” என்று கேட்டார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்லர். ஆனால் மக்னீசியம் சரியாகப் பிடிக்காத எஸ்.ஜி. வார்ப்புகளைக் காதாலேயே பிரித்து என் மேசைக்கு அனுப்புவார். உருப்பெருக்கி அநேகமாக அவர் பக்கமே பேசும். உருண்டை சரியாக அமைந்த இரும்பில் மீயொலி நொடிக்கு 5,500 மீட்டருக்கு மேல் ஓடும், சாம்பல் வார்ப்பிரும்பில் 5,000-ஐக்கூட எட்டாது என்பது பின்னாளில் கருவி வாங்கியபோது நாங்கள் அளந்து கண்டது. அவர் காதில் கேட்ட வேறுபாடும் அதேதான்.

அந்த பெட்டுகளில் பொருத்திய லேத்துகளில் பெரிய விட்டத்தில் முகம் கடையும்போது நடுக்கக் கோடு விழுகிறது என்று புகார் வந்தது. பெட் ஒன்றே காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அதே ஹெட்ஸ்டாக் (சுழல்தண்டைத் தாங்கும் பகுதி), அதே உளி, அதே வேகம். பழைய பெட்டில் வராத கோடு. கால் உடைவதற்கு மருந்து, கால் தொடங்கும் மூலையில் வளைவைப் பெரிதாக்குவதும் லாரியில் கட்டையை ஒழுங்காக அண்டக் கொடுப்பதும்தான். கடைசியில் அதைச் செய்தார்கள், பழைய எஃப்.ஜி. 260-க்கே திரும்பினார்கள்.

சரி, எஃப்.ஜி. 260 என்று சான்றிதழில் எழுதியிருந்தால் போதுமா? போதாது. ஒரே லேடிலிலிருந்து, அதாவது உருகிய இரும்பை ஏந்தும் வாளியிலிருந்து, ஊற்றிய ஒரே இரும்பு, மெல்லிய இடத்தில் வேகமாகக் குளிர்ந்து நுண்ணிய செதிலாகவும், தடித்த இடத்தில் மெதுவாகக் குளிர்ந்து பருத்த செதிலாகவும் உறையும். இன்னும் மெல்லிய விளிம்பில் கார்பனுக்குப் பிரியவே நேரம் கிடைக்காமல் வெள்ளை இரும்பாகிவிடும். இதைப் பார்க்க நாங்கள் ஆப்பு வடிவில் ஒரு சிறு துண்டை வார்த்து, உடைத்து, நுனியிலிருந்து வெள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளப்போம். வெள்ளை அதிகம் என்றால் லேடிலில் ஃபெரோசிலிக்கன் (இரும்பும் சிலிக்கனும் கலந்தது) தூள் சேர்க்க வேண்டும். அது கிராஃபைட் முளைப்பதற்கு விதை தூவுவது. அந்த விதை நிலைப்பதும் கொஞ்ச நேரந்தான். பத்து, பதினைந்து நிமிடத்தில் வீரியம் குறைந்துவிடும். முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவே யாராவது தேநீர் குடிக்கப் போனால், கடைசி அச்சின் படத்தில் அது தெரியும்.

கோவையில் இது ஏன் பெரிய விஷயமாயிற்று என்றால், இங்குள்ள பவுண்டரிகளில் நிலக்கரிக் கோக் எரித்த கபோலா உலைகள் இருந்த இடத்துக்கு மின் தூண்டல் உலைகள் வந்தன. புகை குறைந்தது, நல்லது. ஆனால் கோக்கோடு வந்துகொண்டிருந்த கந்தகமும் குறைந்தது. கந்தகம் கெட்டது என்றுதான் பாடத்தில் படித்திருந்தோம். இரும்பில் அது 0.05 சதவீதத்துக்குக் கீழே போனதும், எவ்வளவு ஃபெரோசிலிக்கன் போட்டாலும் செதில் ஒழுங்காக முளைக்க மறுத்தது. கந்தகமும் மாங்கனீசும் சேர்ந்து உண்டாகும் நுண்துகள்களின் மேல்தான் கிராஃபைட் முளைக்கிறது. துகள் இல்லாவிட்டால் இரும்பு தாமதமாக, வெகுவாகக் குளிர்ந்த பிறகு உறைகிறது. செதில்கள், முதலில் உறையும் இரும்பின் கிளைகளுக்கு நடுவே, நுண்ணிய வலையாகச் சிக்கிக்கொள்கின்றன. கெட்டது என்று படித்த கந்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டியதாயிற்று. போடுகிற பவுண்டரிகளும் உண்டு. பழைய இரும்பையும் எஃகுத் துண்டையும் உருக்கி அப்படியே ஊற்றுகிற இடங்களும் உண்டு. இரண்டின் சான்றிதழிலும் ஒரே எண்தான் இருக்கும்.

ஏனென்றால் அந்த எண்ணை அளப்பது பெட்டில் இல்லை. 30 மில்லிமீட்டர் விட்டத்தில் தனியே வார்த்த ஒரு கம்பியில். பெட்டின் உள்விலா 12 மில்லிமீட்டர் இருக்கலாம், சறுக்குப்பாதை 50 மில்லிமீட்டர் இருக்கலாம். கம்பிக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. கம்பியை லேடிலின் முதல் இரும்பில் ஊற்றிவிட்டு, பெட்டைக் கடைசியில் ஊற்றினாலும் சான்றிதழில் பொய் இல்லை. இது சட்டப்படி சரியானது, தரநிலையும் அனுமதிப்பது. நானே அப்படிப்பட்ட சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாங்குபவர் கேட்க வேண்டியதைக் கேட்டால்தான் பெட்டின் நிலைமை தெரியும். கேட்பவர் அரிது.

கேட்க வேண்டியது ஒரு படம். பெட்டோடு சேர்த்தே வார்த்த சிறு முளையிலிருந்தோ, பெட்டின் மறைவான மூலையிலிருந்தோ எடுத்த துண்டின் நுண்ணமைப்புப் படம். அமிலம் படாமல், நூறு மடங்கில். அதில் செதில்கள் எந்தத் திசையும் சாராமல் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். ‘ஏ’ வகை என்று தரநிலை சொல்வது அதைத்தான். நுண்ணிய வலையாக இருந்தால் அது ‘டி’ வகை, வேண்டாம். அளவுக்கு 1 முதல் 8 வரை எண் உண்டு, 1 தான் மிகப் பெரியது. லேத் பெட்டுக்கு 3 முதல் 5 வரை இருந்தால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். அளவு 4 என்றால் படத்தில் செதிலின் நீளம் 12 முதல் 25 மில்லிமீட்டர். சாதாரண அளவுகோலை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். பிறகு நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) நனைத்து இன்னொரு படம்: சறுக்குப்பாதையில் பெர்லைட் நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்துபோகும்.

பருத்த செதில்தான் நல்லது என்றால் எஃப்.ஜி. 150-லேயே பெட்டை வார்த்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. செதில் கூடினால் இரும்பின் விறைப்பும் குறையும். விறைப்பை அளக்கும் மீள்திறன் குணகம் எஃப்.ஜி. 150-க்கு 100 கிகாபாஸ்கல் அளவில், 300-க்கு 135, எஃகுக்கு 200-க்கு மேல். விறைப்பில்லாத பெட் வெட்டும் விசைக்கே வளையும். பாதையும் சீக்கிரம் தேயும். அதனால்தான் நடுவில் உள்ள 260-ஐச் சுற்றியே எல்லாரும் நிற்கிறார்கள். அந்த நடுநிலைக்குள் செதிலை ஒழுங்காக்குவதுதான் பவுண்டரிக்காரரின் கைவரிசை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முழு இயந்திரத்தில் அதிர்வு அடங்குவதில் பெரும்பங்கு இணைப்புகளுக்குத்தான்: சறுக்குப்பாதை, போல்ட் முடுக்கிய முகங்கள், அவற்றுக்கு நடுவே உள்ள எண்ணெய்ப் படலம். ஸ்க்ரேப்பிங் (உளியால் சுரண்டிப் பொருந்தச் செய்வது) ஒழுங்காக இல்லாத முகங்களை வைத்துக்கொண்டு, செதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. தரை மட்டம் பார்க்காமல் நான்கு காலில் மூன்று மட்டும் தரையில் படும்படி லேத்தை நிறுத்திவிட்டு, பெட்டைக் குறை சொல்லுபவர்களும் நம்மிடையே உண்டு. பழைய வடிவமைப்பாளர்கள் சிலர் பெட்டுக்குள் இருந்த கோர் மணலை (வார்க்கும்போது உட்குழிவு விழுவதற்காக வைக்கும் மணலை) வெளியே எடுக்காமல் அப்படியே மூடிவிடுவார்கள். மணல்மணிகளின் உரசல் தனியே ஒரு பங்கு ஆற்றலை விழுங்கும். சோம்பேறித்தனம் என்று நினைத்து அதைக் கிளறிக் கொட்டிய ஒரு பழுதுபார்ப்பவரை எனக்குத் தெரியும்.

பழைய பிரிட்டிஷ் லேத்துகளைப் பற்றிய பெருமையும் இங்கே அடிக்கடி காதில் விழும். வெயிலிலும் மழையிலும் முற்றத்தில் போட்டுப் பதப்படுத்திய இரும்பு, அதனால்தான் அதிர்வதில்லை என்பார்கள். முற்றத்தில் போட்டது உள்ளழுத்தம் தளர்ந்து பெட் பிற்பாடு முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக. இன்று அதை 500 முதல் 600 டிகிரி சூட்டில் வைத்து ஒரே நாளில் முடிக்கிறார்கள். உறைந்தபோது அமைந்த செதிலின் வடிவத்தை எத்தனை மழைக்காலமும் மாற்றாது. அந்த லேத்துகள் அடக்கமாக ஓடுவதற்குச் சுவர்கள் தடித்திருப்பதும், மெதுவாகக் குளிர்ந்ததும், முகங்கள் ஆண்டுக்கணக்கில் உரசிப் பொருந்தியதும் காரணமாக இருக்கும்.

வார்ப்பிரும்பே கடைசிச் சொல் என்றும் நான் வாதாடவில்லை. கருங்கல் சில்லுகளை எபாக்சி பிசினில் குழைத்து வார்த்த பெட்டுகள் துல்லியச் சாணை இயந்திரங்களில் வந்துவிட்டன. அதிர்வை விழுங்குவதில் அவை சாம்பல் வார்ப்பிரும்பைப் பல மடங்கு மிஞ்சுகின்றன. வெட்டி ஒட்டிய எஃகுத் தகட்டு பெட்டும் மோசமானது என்பதில்லை. விலா அமைப்பும் நிரப்பியும் சரியாக இருந்தால் நன்றாகவே ஓடும். ஆனால் தகட்டு பெட்டைப் பெயின்ட் அடித்து வார்ப்பிரும்பு என்று விற்பது வேறு சங்கதி. கண்காட்சிக்குப் போனால் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்ட வாசகர் இதைப் படித்தால் அவருக்கு மூன்று வேலைகள்: சான்றிதழோடு படத்தையும் கேட்பது, துண்டு எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வாங்குவது, பணம் கட்டும் முன் தன் பட்டறையில் கடையப் போகும் அதே பொருளை அங்கேயே வைத்துப் பார்ட்டிங் (துண்டித்து எடுக்கும் வெட்டு) வெட்டிப் பார்ப்பது. படம் தர மறுக்கிறார்கள் என்றால் துண்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கோவையில் உலோகப் பரிசோதனைக் கூடங்களுக்குக் குறைவில்லை. கட்டணம் ஒரு நல்ல உளியின் விலைக்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ப்பட ஆய்வகப் பணியாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.

பி.கு.: அந்தப் பதிலோடு வெளியான படத்தில் இருப்பது லேத் அல்ல, மில்லிங் இயந்திரம்.